நாலந்த மேட்டில் நின்ற லொறி

பழிவாங்குவது கூடாது என்று வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போது தலையையும் ஆட்டுவேன். ஆனால் தக்காளிப் பெட்டிகளோடு வந்த லொறி நாலந்த மேட்டின் பாதியில் மூச்சடைத்து நிற்க, பின்னால் மாத்தளை பஸ்காரன் ஹோர்னை விடாமல் அழுத்த, நான் குதித்து ஓடிச் சில்லுக்குக் கட்டை வைக்கும் நேரத்தில் எந்தப் பிரசங்கமும் என் நினைவுக்கு வராது. என் நானாவின் முகம்தான் வரும்.

நானா என் கூடப்பிறந்த அண்ணன். வாப்பா மௌத்தான பிறகு சொத்தைப் பிரித்தபோது, டவுனில் இருந்த புடவைக் கடை அவருக்குப் போனது. வாப்பாவின் பழைய லொறி எனக்கு வந்தது. நியாயமான பங்கு என்று ஊரே சொன்னது. கடை வளர்கிற பொருள், லொறி தேய்கிற பொருள் என்பதை ஊர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து முழம் போட எனக்குப் பொறுமையும் கிடையாது, பல்லிளிக்கவும் வராது.

நாவுலவில் ஒரு தோட்டக்காரர் இருக்கிறார், சிங்களவர். தன் தோட்டத்து மரக்கறியோடு அக்கம்பக்கத்தாருடையதையும் சேர்த்து மாத்தளைச் சந்தைக்கு அனுப்புகிறவர். அந்த ஓட்டம் வாப்பா காலத்திலிருந்தே எங்கள் லொறிக்குத்தான். அதுதான் என் வீட்டுச் சோறு. அது போய்விட்டால் என் லொறி வெறும் பழைய இரும்பு, நான் அந்த இரும்புக்குக் காவல்காரன். தக்காளி நேரத்துக்குச் சந்தைக்குப் போகவேண்டிய சாமான். வெயில் ஏறிய பிறகு போய் இறங்கினால் வியாபாரி பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

லொறி எனக்கு வந்து கொஞ்ச மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு இந்த நோய் தொடங்கியது. தட்டை ரோட்டில் குதிரை மாதிரி ஓடும். வெறும் லொறியாக மேடு ஏறினாலும் ஒன்றும் ஆகாது. சாமான் ஏற்றி நாலந்த தாண்டி மேட்டில் கால் வைத்தால், முதலில் இழுவை குறையும். கியரை இறக்கினாலும் இழுக்காது. இஞ்சின் விக்கி விக்கி இரண்டு தடவை துள்ளிவிட்டு அப்படியே அணைந்துவிடும். ஸ்டார்ட்டரை அடித்தால் சுற்றும், பிடிக்காது. சரி, செத்தது என்று ரோட்டோரக் கடையில் ஒரு ப்ளேன்டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு எழும்பும். அடுத்த வளைவு வரைக்கும்தான். செத்த இஞ்சினைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இப்படி நடிக்கிற இஞ்சினைப் பொறுக்க முடியாது.

இது நானாவின் காதுக்குப் போனது. ஒரு நாள் மகளுக்குச் சட்டைத் துணி எடுக்க மனைவியோடு கடைக்குப் போயிருந்தேன். கடை நிறைய ஆட்கள். யாரோ லொறியைப் பற்றி விசாரிக்க, நானா துணியை அளந்துகொண்டே சொன்னார்:

"வாப்பாட கையில அந்த லொறி பறந்திச்சு. தம்பிட கைக்குப் பரக்கத்து இல்ல. அதுக்கு லொறி என்ன செய்யும்?"

பரக்கத்து என்றால் தொட்டது துலங்குவதற்கு ஆண்டவன் கொடுக்கும் அருள். ஒருவனைப் பார்த்து அது இல்லை என்று சொல்வது, முகத்தில் துப்புவதைவிடக் கேவலம். துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை, பாவம் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இதற்கு நீங்கள் பதில் சொல்வீர்கள் நானா, எப்போது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த தடவை சாமான் கெட்டபோது தோட்டக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: இனி ஒரு தடவை நின்றால் வேறு லொறி பார்க்கவேண்டி வரும், உங்கள் அண்ணன்கூட லொறி வாங்கப்போவதாகச் சொல்லி என்னிடம் ஓட்டத்தைக் கேட்டிருக்கிறார்.

என் வாயில் இருக்கும் சோற்றைக் கூடப்பிறந்தவரே கேட்டிருக்கிறார். அதோடு எல்லாம் விளங்கிவிட்டது என்றும் நினைத்தேன். என் வீட்டுக்குப் போகும் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் லொறி நுழையாது. அது ராத்தங்குவது நானாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் வளவில். டேங்கி மூடிக்குப் பூட்டும் கிடையாது. ஒரு மனுசன் ஓட்டத்தைப் பறிக்க நினைத்தால் ஒரு கைப்பிடி சீனி போதும். சீனியைப் போட்டதும் அவர், கைக்குப் பரக்கத்து இல்லை என்றதும் அவர்.

டேங்கியின் அடிப்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி ஒரு போத்தலில் டீசல் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. மணல் இல்லை. விரலை விட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். சீனி டீசலில் கரையாது, நாக்கில் தித்திக்கவும் போவதில்லை என்று பிறகுதான் சொன்னார்கள். அன்று முழுக்க என் ஏப்பத்தில் டீசல் மணந்தது. மனைவி கிட்டவே வரவில்லை.

"என்னத்துக்கு இப்பிடிப் பைத்தியம் புடிச்ச மாதிரி செய்றீங்க?" என்று மட்டும் தூர நின்று கேட்டாள்.

அந்த நாட்களில் நானாவுக்கு என்னென்ன செய்யலாம் என்று படுத்துக்கொண்டே யோசிப்பேன். கடைப் பூட்டுகளுக்குள் பசை ஊற்றலாம். பெருநாளைக்கு இறக்கிய சரக்கு மூட்டையில் கரப்பான் விடலாம். யோசிக்க யோசிக்க நல்ல தூக்கம் வரும். எதையும் செய்யவில்லை, ஆனால் அந்த யோசனைகளுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

யட்டவத்தவில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் லொறியைக் கொண்டுபோனேன். தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த தமிழாள், கைகாரர், வாய் அதைவிடப் பெரிது. முதலில் பில்டரை மாற்றினார். மேட்டில் நின்றது. டீசல் குழாய்களில் காற்று இழுக்கிறதா என்று எல்லா இணைப்பையும் கழற்றிப் புது வாஷர் போட்டு இறுக்கினார். நின்றது. பிறகு பெரிய பம்பையே கழற்றி டவுனுக்கு அனுப்பிச் சோதித்தார். பம்பில் ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. மாட்டினோம். நின்றது.

"மொதலாளி, எனக்கே வெக்கமா இருக்குங்க" என்றார். "இஞ்சின்ல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா நிக்குது. யாராச்சும் செய்வினை வச்சிருக்காங்களோ என்னமோ."

"வச்சிருக்கான். அவன் பேரு எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்ப அவரையே புடிச்சு ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க."

எரிச்சலில் லொறிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டேன். பில்டருக்குப் பக்கத்தில் கையால் அமுக்கும் சின்னப் பம்ப் ஒன்று உண்டு, டேங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பதற்கு. லொறி நின்ற உடனே அதை அமுக்கினால் குமிழ் உள்ளே போய் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், திரும்பி எழும்பாது. ப்ளேன்டீ குடித்துவிட்டு வந்து அமுக்கினால் டீசல் கொப்பளித்துக்கொண்டு வரும். இதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன், வாயைத் திறந்து பாஸிடம் சொன்னது அன்றைக்குத்தான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இத ஏங்க மொதல்லயே சொல்லல? ஏதோ ஒன்னு கொழா வாய அடைக்குதுங்க. நின்னாப் பொறவு தானா வெலகிப் போகுது. டேங்கியப் பாக்கணும்."

"டேங்கின்னா அதுக்குள்ள யாரோ போட்டிருக்கணும்" என்றேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நானா பிடிபடப் போகிறார்.

ஆனால் டேங்கியை இறக்க ஒரு நாள் வேண்டும். மறுநாள் விடியக்காலை தோட்டக்காரரின் சாமான், அதுவும் கடைசித் தவணை. பாஸ் யோசித்துவிட்டு ஒரு பெரிய டீசல் கேனைக் கெபினுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். டேங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, கேனிலிருந்து புதுக் குழாயை நேரே இஞ்சினுக்குக் கொடுத்தார். மிச்சம் திரும்பி வரும் குழாயையும் அதே கேனுக்குள் விட்டார். டேங்கிக்கும் இஞ்சினுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. ஏறினால் குற்றவாளி டேங்கி, ஏறாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் மடையர்கள்.

நாவுலவில் பெட்டிகளை ஏற்றும்போது தோட்டக்காரர் அந்தக் கேனைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடக்கும் ஆளிடம் நலம் விசாரிப்பதா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி ஒரு பார்வை. பாஸ் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாலந்த தாண்டியது. மேடு வந்தது. வழக்கமாக விக்கல் எடுக்கும் வளைவு வந்தது. கியரை இறக்கினேன். இழுத்தது. அந்தக் கிழட்டு லொறி, தக்காளியும் போஞ்சியும் பூசணியும் முதுகில் இருக்க, ஒரு விக்கலும் இல்லாமல் மேட்டின் உச்சி வரைக்கும் இழுத்தது. உச்சியில் பாஸ் என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது சந்தோசத்தில் மட்டுமில்லை. கொலைவெறியும் அதில் பாதி.

சாமானை இறக்கிவிட்டு நேரே வீட்டு ஒழுங்கை முனைக்கு லொறியைக் கொண்டுவந்தோம். டீசலை எல்லாம் வடித்தோம். டேங்கியின் வாயில் இருக்கவேண்டிய சல்லடையைக் காணவில்லை. யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள். பாஸ் டோர்ச் அடித்து, முனையை வளைத்த கம்பியை விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் எதையோ கொளுவி மெதுவாக இழுத்தார்.

வந்தது ஒரு பச்சைத் துணி. ஒரு காலத்தில் சின்னப் பொட்டலமாகத் தைக்கப்பட்டிருக்கவேண்டும். டீசலில் ஊறி ஊறித் தையல் விட்டு, உள்ளே சுற்றியிருந்த பொலித்தீன் விரிந்து, துணி உள்ளங்கை அகலத்துக்குத் தொங்கியது. பொலித்தீனுக்குள் மடித்த தாள். தாளில் அரபெழுத்து. மேட்டில் இஞ்சின் வேகமாக டீசலை உறிஞ்சும்போதெல்லாம் இந்தத் துணி வந்து குழாய் வாயில் ஒட்டியிருக்கிறது. இஞ்சின் நின்றதும் விலகி மிதந்திருக்கிறது.

பாஸ் அதைச் சட்டென்று கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இது ஒங்க ஆளுங்க சமாச்சாரம்ங்க. நான் தொடல."

செய்வினைதான் என்று நானும் ஒரு நொடி நினைத்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா. இது நானா போட்டது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"கெடுதலுக்கில்ல. பங்கு பிரிச்ச நேரம், ஒங்களுக்கும் லொறிக்கும் ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு பள்ளி லெப்பைக்கிட்ட தாயத்து எழுதி எடுத்தாராம். மதினிதான் தச்சாங்களாம். கண்ணாடியில தொங்கவிட்டா களவு போகுது, வயித்துக்குள்ள கெடந்தா ஒருத்தருக்கும் எடுக்க ஏலாதுன்னு டேங்கிக்குள்ள போட்டாராம். மதினி அப்பவே சொன்னாங்க. நல்லதுக்குத்தானேன்னு நான் இருந்துட்டேன்."

ஒழுங்கை மதிலில் சாய்ந்துகொண்டேன். சீனி போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எதிரி என்றால் சீனி போடத்தான் செய்வான், அதில் ஒரு கணக்கு நேராகிவிடும். இந்த மனுசன் என் லொறியின் தொண்டைக்குள் தன் அன்பைத் திணித்து வைத்துவிட்டு, அது மூச்சுத் திணறியபோது கடை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் என் கையைக் குறை சொல்லியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தைக் கோணலாக்கியவரே என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், டீசல் சொட்டச் சொட்ட, அவருடைய வெள்ளைத் துணிக் கட்டுகள் மேல் வைக்கவேண்டும் என்று கிளம்பினேன். மனைவி ஒழுங்கையில் குறுக்கே நின்றாள்.

"ஒங்க சண்டைக்கு அல்லாட சொல்லத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க."

அத்தோடு திரும்பினேன். எழுதின தாளைக் குப்பையில் போடக்கூடாது, காலில் மிதிபட விடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும், இல்லாவிட்டால் புதைக்கவேண்டும். லெப்பை எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. வைத்த இடத்தில்தான் குற்றம். சுது கங்கைக்குப் போய் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு அதைத் தண்ணீரில் விட்டேன். என் கையில் இருந்த ஒரே சாட்சியை நானே ஆற்றில் விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு லொறி ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் நானா லொறி வாங்கிவிட்டார். என்னுடையதைவிட வயது குறைந்தது, பெயின்ட் பளபளக்கும். தோட்டக்காரரும் நல்ல மனுசன்தான், ஆனால் வியாபாரி. வாரத்தில் பாதி உங்களுக்கு, பாதி அண்ணனுக்கு, யார் நேரத்துக்கு வருகிறீர்கள் என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். என் சோறு பாதியாகப் போனது.

புது லொறிக்குப் பாத்திஹா ஓதப் போகிறோம், வா என்று நானாவே சொல்லியனுப்பினார். போனேன். நல்ல பலகையில் இழைத்த இரண்டு சில்லுக் கட்டைகளையும் கொண்டுபோய் அவருடைய டிரைவர் கையில் கொடுத்தேன். "மேட்டுல நிக்க வேண்டி வந்தா ஒதவும்" என்றேன். டிரைவர் பாவம், அவனோடு எனக்கு என்ன பகை? நானா என்னைக் கட்டிப்பிடித்து, தம்பிக்கு மனசு பெரிசு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ஓதி முடிந்தது. நானா சேர்ட் பையிலிருந்து ஒரு சின்னப் பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். டேங்கி மூடியைத் திறந்து, சல்லடையைக் கழற்றச் சொல்லி, பிஸ்மி சொல்லி உள்ளே போட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பால்சோறும் வாழைப்பழமும் வந்தன. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி.

என்னுடையதில் தையல் விட மாதக்கணக்கு எடுத்தது. அவருடையதில் சீக்கிரமே விட்டுவிட்டது. முதல் தடவை நின்றபோது தோட்டக்காரர் எனக்குத்தான் போன் எடுத்தார். நான் போய் நாலந்த மேட்டில் நானாவின் லொறியிலிருந்து பெட்டிகளை என் லொறிக்கு மாற்றினேன். இரண்டாம் தடவையும் மாற்றினேன். நானா டவுனில் பெரிய கராஜில் கொடுத்தார். பில்டர் மாற்றினார்கள், நொசில் மாற்றினார்கள், பம்பைக் கழற்றினார்கள். யட்டவத்த பாஸ் என்னைக் கண்டபோது தலையைச் சொறிந்துகொண்டு, அவருக்குச் சொல்ல வேணாமா என்று கேட்டார். கேட்டால் சொல்லு என்றேன். பெரிய கராஜுக்குப் போகிற மனுசன் அவரிடம் எங்கே கேட்கப்போகிறார்.

போன வாரம் அஸர் தொழுதுவிட்டு நானா என் வீட்டுக்கு வந்தார். வாப்பாவின் மையத்து எடுத்த நாளுக்குப் பிறகு அவர் என் வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் வற்றிப்போயிருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது, இல்லையென்று சொல்லமாட்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் தொடங்கினார். "ஒன் லொறி மட்டும் நாலந்த மேட்ட சும்மா ஏறுதே, எதனாலன்னு தெரியுமா?"

"தெரியாது நானா."

"நான் இது வரைக்கும் சொல்லல. பங்கு பிரிச்ச நேரம் ஒன் டேங்கிக்குள்ள ஒன்னு எழுதிப் போட்டது நான்தான். அது பலிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் எடுத்திச்சு, இப்பதான் அது வேல செய்யுது. இல்லாட்டி அந்தக் கெழட்டு லொறி எங்க ஏறப் போகுது?"

நின்றபோது என் கை. ஏறியபோது அவருடைய கை. மனைவி கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நானா சேர்ட் பையில் கை விட்டார். இன்னொரு பச்சைப் பொட்டலம், முன்னதைவிடப் பெரிது, இரட்டைத் தையல் போட்டது. "என்ட லொறிக்கு ஒன்னு மட்டும் காணாது போல. இத இன்னைக்கே போடணும். சல்லட துருப்புடிச்சு இறுகிக் கெடக்கு, டிரைவரும் இல்ல. நீ ஒருக்கா வந்து கழட்டித் தா."

"வாங்க நானா" என்றேன். "போட்டுப் பாப்போம்."

கடைக்குப் பின்னால் இருந்த வளவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். சல்லடை நன்றாகத்தான் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருப்பிக் கழற்றினேன். அவர் பிஸ்மி சொல்லிப் பொட்டலத்தை உள்ளே விட்டார். அது டீசலில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூடியை நானே போட்டு இறுக்கிக் கொடுத்தேன்.